ஷட்டர் பராமரிப்பு: ஒரு பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) விவசாயியின் புலம்பல்

அணை பராமரிப்பு என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் விழாவுக்கு சீரியல் லைட் கட்டுவதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையில் நடந்தது மறந்துவிட்டது போல. அணை நிரம்பி 72 அடியில் நிற்கிறது. மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டரின் எதிர் எடையைத் தாங்கும் சங்கிலி அறுந்து, கான்கிரீட் பாளம் விழுந்து, ஷட்டரே அடித்துச் செல்லப்பட்டது. சுமார் 6 டிஎம்சி தண்ணீர் சாலக்குடி ஆற்றோடு போனது. நிலங்களை மண்டலங்களாகப் பிரித்துத் தண்ணீர் விடும் மண்டலப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். வயிறு எரியாதா?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற லஸ்கர் (மதகு, ஷட்டர்களை இயக்கிப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஒருவர் இருக்கிறார். "சங்கிலிய வெளியே பாத்து ஒண்ணும் தெரியாதுங்க. பழைய கிரீஸ வழிச்சு எடுத்துட்டு, கண்ணி கண்ணியா தொட்டுப் பாக்கணும். கண்ணிய கோக்கற பின் தேஞ்சிருக்கும்" என்பார். ஷட்டரின் விளிம்பில் இருக்கும் ரப்பர் சீல் வேறு, வெயிலில் காய்ந்து வெடித்தால் கசியத் தொடங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், உடைந்த பிறகு உடனே கைவைக்க முடியாது. மதகுக்குக் கீழே தண்ணீர் இறங்கும்வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அணை கேரளத்தில், பராமரிப்பு தமிழகத்தின் கையில். சரி, அதைப் பேசினால் அரசியலாகிவிடும். கோடையில் நீர் குறைந்திருக்கும்போதே ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள், அப்புறம் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.