சும்மா இருந்த 8 விசிபியு

ராத்திரி 2 மணி. அந்த விஎம்முக்குள் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) போய், சிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ‘டாப்’ போட்டால் 99 சதவீதம் ஐடில், அதாவது சும்மா இருக்கிறது. வெளியே, அதைத் தாங்கும் நிஜ சர்வரான ஹோஸ்ட்டில் பார்த்தால் அதே விஎம்மின் பிராசஸ் 800 சதவீதத்தில் நிற்கிறது. கொடுத்த 8 விசிபியுவும் (விஎம்முக்கான மெய்நிகர் சிபியு), ஒன்றுக்கு 100 சதவீதம் வீதம், முழுதாக ஓடுகின்றன. மானிட்டரிங்தான் பொய் சொல்கிறதோ என்று அதோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

விஎம்களை ஓட்டும் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் ஒவ்வொரு விசிபியுவும் ஹோஸ்ட் லினக்ஸுக்கு ஒரு சாதாரண த்ரெட்தான் (தனியே ஓடும் வேலை இழை). உள்ளே வேலை தீர்ந்ததும் கெஸ்ட் கெர்னல் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸின் மையம்), ‘வேலை இல்லை, நிறுத்து’ என்னும் எச்எல்டி இன்ஸ்ட்ரக்‌ஷனைப் போடும். அதன்பின் ஹைப்பர்வைசர் த்ரெட்டைத் தூங்க வைத்துவிட்டு, அது ஓடிய நிஜ சிபியு கோரை வேறு யாருக்காவது கொடுக்கும். டைமரோ இன்டரப்டோ வந்தால் எழுப்பும். எச்எல்டி வராதவரை உள்ளே நடப்பது உருப்படியான வேலையா, வெட்டிச் சுற்றலா என்று அதற்குத் தெரியாது.

கேவிஎம்மின் கணக்கைக் காட்டும் கேவிஎம் ஸ்டாட்டில் இந்த விஎம்மின் ஹால்ட் எக்ஸிட் (எச்எல்டி போட்டு ஹைப்பர்வைசரிடம் வெளியே வந்த தடவைகள்) பூஜ்யம். அப்புறம்தான் கெஸ்ட் கெர்னல் கிளம்பும்போது அதற்குக் கொடுக்கும் பூட் வரியைப் பார்க்கத் தோன்றியது. கடைசியில் ‘ஐடில்=போல்’. வேலை இல்லாவிட்டாலும் தூங்காதே, சுற்றிக்கொண்டே இரு என்று அர்த்தம். லேட்டன்சி (பதில் வரும் தாமதம்) குறைய வேண்டும் என்று அப்ளிகேஷன் டீம் கேட்டது. அப்ரூவ் செய்தவன் நான்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. அந்தச் சுற்றலில், ‘காத்திருக்கிறேன்’ என்று சிபியுவுக்குச் சொல்லும் பாஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் அடுக்கடுக்காக வருவதால், இன்னொரு விசிபியு பிடித்திருக்கும் ஏதோ ஸ்பின்லாக்குக்கு (விடும்வரை சுற்றியே காத்திருக்க வைக்கும் பூட்டு) காத்திருக்கிறது என்று நினைத்து, இதே விஎம்மின் இன்னொரு விசிபியுவுக்கு இடம்விடப் பார்க்கும் கேவிஎம். அந்த இன்னொன்றும் வெட்டியாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்!

அந்த ‘ஐடில்=போல்’-ஐ எடுத்து ரீபூட் செய்ததும், பக்கத்து விஎம்களில் ஏறியிருந்த ஸ்டீல் டைம் (ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் காத்த நேரம்) இறங்கியது. மூன்றாம் நாள், ரெஸ்பான்ஸ் மெதுவாகிவிட்டது என்று டிக்கெட். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். தூங்கின த்ரெட்டை எழுப்பிக் கோரில் ஏற்ற நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் கேவிஎம், எச்எல்டி வந்தாலும் உடனே தூங்க வைக்காமல் கொஞ்சம் காத்துப் பார்க்கும். எக்ஸ்86-இல் வழக்கமான உச்சவரம்பு 200 மைக்ரோசெகண்ட். இந்தக் காத்திருப்பை கெஸ்ட்டுக்குள்ளேயே செய்யும் ஹால்ட்போல் கவர்னர் (ஐடில் நேரத்தில் என்ன செய்வது என்று முடிவு செய்யும் கெர்னல் பகுதி) லினக்ஸ் 5.4-இல் வந்தது. கெஸ்ட்டிலிருந்து ஹைப்பர்வைசருக்கு வெளியே வரும் எக்ஸிட் செலவும் மிச்சம் என்பதால் அதைப் போட்டோம்.

இப்போது ராத்திரியில் ஹோஸ்ட்டில் 40 சதவீதம்போல் காட்டும். உள்ளே அதே 99 சதவீதம் ஐடில். புதிதாக வந்த பையன் போன வாரம் இந்த ஸ்க்ரீன்ஷாட்டோடு என்னிடம் வந்தான். “பூட் வரியைப் பார்த்தியா?” என்றேன்.