திருத்தினால் காரணம் சொல்ல வேண்டும்

எடிட்டிங் எங்களுக்கு ஒரு பாடமாகவே இருந்தது. மெய்ப்புப் பார்க்கும்போது, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தும்போது, போடும் குறிகளை மனப்பாடம் செய்தோம், தேர்வில் ஒரு பத்தியைத் திருத்திக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பத்தியை எழுதியவர் என்று யாரும் கிடையாது. கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் ஆள் இல்லாத இடத்தில் இந்த வேலையைப் பழகவே முடியாது. முதுகலை படிக்கும்போது துறையின் ஆய்விதழில் உதவிக்குச் சேர்ந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

முதலில் கைக்கு வந்தது எழுத்துரு மாற்றும் வேலை. மூத்த கட்டுரையாளர்கள் சிலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துதான் அனுப்புவார்கள். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடு ஆகிவிடும், ஆனால் அதை அப்படியே நம்ப முடியாது. பழைய எழுத்துருவில் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். யூனிகோடில் எழுத்துதான் முதலில். நடுவில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் கொம்பு தனியாக நிற்கும். அந்தப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும், சரிசெய்துவிடலாம். 'கௌரவம்' போன்ற சொற்கள்தான் ஆபத்து. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரவம்' என்று வந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தேடினால் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சொல்லடைவு தயாரிக்கும்போது ஒரே சொல் இரண்டு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத்து எழுத்தாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு இலக்கணத்தால் வந்ததைவிட இந்த வேலையால் வந்தது அதிகம்.

அப்புறம் மெய்ப்பு. 'ஒவ்வொரு மாணவர்களும்', 'பன்னிரெண்டு', விட்டுப்போன ஒற்று, இதெல்லாம் பழகப் பழகத் தானாகக் கண்ணில் படும். எண்கள் அப்படிப் படாது. உரையில் ஒரு விழுக்காடு, அட்டவணையில் வேறொன்று இருக்கும். அடிக்குறிப்பில் 12-க்கு அடுத்து 14 வரும். பொருளைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் கண் எண்ணைத் தாண்டிப் போய்விடும் என்பதால், எண்களுக்கென்றே தனியாக ஒரு சுற்றுப் பார்ப்போம். தலைப்புகளுக்கும் ஒரு சுற்று உண்டு. பெரிய எழுத்தில் இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதழைக் கவனித்துக்கொண்ட பேராசிரியர் அம்மா ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகக் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியைப் போடாமல் கட்டுரையில் கை வைக்கக் கூடாது. திருத்தி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு திருத்தத்தைக் காட்டி, "இதை ஏம்மா மாத்தினே?" என்பார். இலக்கணப் பிழை, பொருள் மயக்கம், தகவல் முரண், இதழின் நடைமுறை, இவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "இப்படி இருந்தா நல்லா இருக்கும்மா" என்பது செல்லாது. சொல்ல முடியாத திருத்தத்தை எடுத்துவிட்டு, எழுதியவர் சொல்லையே திரும்ப வைப்போம். எடிட்டிங் என்று நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தக் கேள்விதான்.

களஆய்வுக் கட்டுரை ஒன்றில் இப்படி ஒரு வரி: 'அவர் தன் அண்ணனிடம் பேசியபோது அவருக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்று தெரிந்தது.' பிடிக்காதது யாருக்கு? அண்ணனுக்கு என்று வைத்துக்கொண்டு திருத்தினால் வரி அழகாகவே வந்துவிடும். ஓரத்தில் வெறுமனே 'தெளிவில்லை' என்று போட்டாலும் பயனில்லை, எழுதியவருக்கு அது தெளிவாகத்தான் இருக்கும். அதனால் 'பிடிக்காதது தம்பிக்கா, அண்ணனுக்கா?' என்று கேட்டு அனுப்பினோம். இரண்டு பேருக்கும் இல்லையாம். முந்தைய பத்தியில் வந்த ஒப்பந்தக்காரருக்காம்! ஊகித்துத் திருத்தியிருந்தால் ஆய்வின் தரவே மாறியிருக்கும்.

'செய்யவேண்டும்' என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரிப்பதா, அயல்பெயர்களில் கிரந்த எழுத்து வரலாமா, இதற்கெல்லாம் எங்களுக்கென்று ஒரு நடைக்குறிப்பு இருந்தது. எது சரி என்று சண்டை போட்டால் விடியாது. ஒரே இதழில் இரண்டும் கலந்து வராமல் இருந்தால் போதும்.

துறையில் இதழ் இல்லாத மாணவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். நண்பர்களின் ஆய்வேட்டை நான் முதலில் சொல்வதில்லை. அதில் எதுவரை கை வைக்கலாம் என்பதை நெறியாளரிடம் கேட்டுத்தான் தொட வேண்டும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும், சேமிக்கும்போது என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுத ஒரு பெட்டியும் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள். மெய்ப்புப் பழக, நூல்களைத் தட்டச்சு வடிவில் சேர்த்துவைக்கும் அதன் சகோதரத் தளமான விக்கிமூலம் இன்னும் நல்லது. ஸ்கேன் செய்த நூல் பக்கத்தின் படம் ஒரு புறம், அதன் தட்டச்சு வடிவம் இன்னொரு புறம். ஒருவர் பார்த்து முடித்தால் பக்கம் மஞ்சள் நிறமாகும். அதைப் பச்சையாக்க இன்னொருவர் பார்க்க வேண்டும், மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. நீங்கள் பார்த்த பக்கத்தில் அந்த இரண்டாமவர் என்ன மாற்றினார் என்பதைப் போய்ப் பாருங்கள்.