கதவு சாத்தும்வரை கேட்ட பாட்டு

என் தாத்தா இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பங்களா அப்புவாக இருந்தவர். சமையல், மேசை, துரையின் காலைத் தேத்தண்ணி எல்லாம் அவர் பொறுப்பு. ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் துரைக்கு இசைத்தட்டு ஓட வேண்டும். பேன்ரி என்கிற பரிமாறும் அறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஓர் ஆடுகதவு. சூப் கொண்டு போகும்போது ஒரு வரி கேட்கும், வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது இன்னொரு வரி. கதவு சாத்திக்கொண்டால் வெறும் முணுமுணுப்புத்தான். பதினைந்து வருடத்துக்கு மேல் தாத்தா அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலை இப்படித்தான் கேட்டார். ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை.

எனக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் துண்டுகள்தான். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை தாத்தா என்னை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்திருப்பார். மெதுவாக முனகுவார். சொல் இருக்காது, மெட்டு மட்டும். நன்றாக ஏறிக்கொண்டு போகிற இடத்தில் பட்டென்று நின்றுவிடும்.

"அப்புறம் என்ன தாத்தா?"

"அப்புறம் கதவு சாத்திடும் தாயி."

1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரை சீமைக்குத் திரும்பும்போது ரெக்கோட் பிளேயரையும் பதினொரு இசைத்தட்டுகளையும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கரண்ட் இல்லை. குப்பிலாம்புதான். பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாத்தா அதைத் தன் பழைய வெள்ளைக் கோட்டால் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். இசைத்தட்டுகளைத் தகரப் பெட்டியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்தார். படுக்கப் போட்டால் வளைந்துவிடும் என்று துரைசானி சொல்லியிருந்தாராம். வருடா வருடம் தீபாவளிக்கு முதல் நாள் ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி உறையில் போடுவார். பதினாறு தீபாவளி அப்படிப் போனது.

அந்தப் பதினொன்றில் ஒன்று 'லவ் இஸ் த திங்'. 1956 டிசெம்பரில் பதிவாகி 1957இல் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன தட்டு. கோர்டன் ஜென்கின்ஸின் வாத்தியக்குழு, பெரும்பாலும் வயலின்கள். இன்று நான் எழுத நினைத்தது இந்தத் தட்டைப் பற்றித்தான்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். ஜாஸ் இசையின் இலக்கணம் முறையாகப் படித்ததில்லை. ஆனால் முப்பது வருடமாக ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் சிலது பிடிபடும். நாட் கிங் கோல் ஒரு சொல்லை எப்படி முடிக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான பாடகர்கள் உயிரெழுத்தில்தான் நிற்பார்கள். ஆ என்றோ ஓ என்றோ வாயைத் திறந்து இழுப்பார்கள், நமக்கும் அதுதான் பழக்கம். இவர் மெய்யெழுத்தில் போய் நிற்பார். சொல்லின் கடைசியில் மகரமோ னகரமோ வந்தால் அந்த மெல்லினத்தையே நீட்டுவார், ரீங்காரம் மாதிரி. லகரம் வந்தாலும் அப்படியே. 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டில் அந்த ஒரு சொல்லை அவர் முடிக்கும் விதத்தை வைத்தே இடையினம் என்றால் என்ன என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டு அங்கேயே இளைப்பாறும். வல்லின மெய்யில் முடிகிற சொல்லை மட்டும் வெட்டென்று விடுவார். அப்போது வரும் அமைதியும் பாட்டுக்குள்ளேயே சேர்ந்துவிடும்.

இந்த மாதிரிப் பாடுவதற்கு மைக் வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து பாட வேண்டியிருந்தது. நம் நாடக மேடைப் பாகவதர்கள் பாடியது போல. மைக் வந்ததும் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் குரலைத் தாழ்த்திக் காதோடு பேசுகிற மாதிரிப் பாட ஆரம்பித்தார்கள். குரூனர் என்று பெயர் வந்தது அப்படித்தான். தமிழில் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் நமக்குச் செய்ததும் அதுவே. இலங்கை வானொலியில் அவர்கள் பாட்டுப் போனால் எங்கள் லயத்தில் யாரும் சத்தத்தைக் கூட்டச் சொன்னதில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கோல் முதலில் பியானோக்காரர் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1919இல் அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரியில் பிறந்தவர். சிக்காகோவில் வளர்ந்தார். அப்பா போதகர், அம்மா தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர், பியானோவும் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். 1937இல் லொஸ் ஏஞ்சலிஸில் மூன்று பேர் குழு ஒன்று தொடங்கினார்: பியானோ, கிட்டார், பேஸ். டிரம்ஸ் கிடையாது. தாளத்தை மூவரும் கைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி கடைசிவரை அவர் பாட்டில் இருந்தது என்று நான் நினைக்கிறேன். வரியைத் தாளத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் எடுப்பார், பிந்திவிட்டாரோ என்று தோன்றும். வரி முடிகிற இடத்தில் பார்த்தால் சரியாக வந்து நிற்பார். வலிந்து பிடித்த மாதிரியே இருக்காது. நாற்பதுகளின் பிற்பகுதியில் பாட்டு பியானோவை முந்திக்கொண்டது. ஹொலிவூட்டில் கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் 1956இல் திறந்த வட்டக் கோபுரக் கட்டடத்தை 'நாட் கட்டிய வீடு' என்றே சொல்வார்கள், அவ்வளவு தட்டு விற்றுக் கொடுத்திருக்கிறார்.

சரி, 'ஸ்டார்டஸ்ட்' பாட்டுக்கு வருகிறேன். அது 'லவ் இஸ் த திங்' தட்டின் முதல் பக்கத்தில் மூன்றாவது.

ஸ்டாண்டர்ட் என்று அங்கே சொல்கிற பாட்டுகள் ஒருவருக்குச் சொந்தமில்லை. நம் கச்சேரியில் ஒரே கீர்த்தனையை ஆளாளுக்கு ஒரு விதமாகப் பாடுகிற மாதிரி, பெரும்பாலும் மேடை நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதிய பழைய பாட்டுகளை ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துப் பாடும். 'ஸ்டார்டஸ்ட்' மெட்டை ஹோகி கார்மைக்கேல் 1927இல் போட்டார். அந்த வருடமே சொல் இல்லாமல், நல்ல வேகத்தில் பதிவும் செய்தார். மிட்செல் பாரிஷின் வரிகள் 1929இல் சேர்ந்தன. பிறகு வேகம் குறையக் குறையத்தான் அந்த மெட்டின் மேடுபள்ளம் எல்லாம் தெரிய வந்தது. கங்காணி பின்னால் நின்று விரட்டினால் மலையை யார் பார்க்கிறார்கள்?

இந்தப் பாட்டுக்கு முன்னால் வேறொரு மெட்டில் ஒரு முகப்பு உண்டு. நம் சினிமாப் பாட்டில் பல்லவிக்கு முன்னால் தாளமில்லாமல் வரும் தொகையறா மாதிரி. பல பேர் இதை விட்டுவிட்டு நேரே பாட்டுக்குள் போய்விடுவார்கள். பிராங்க் சினாட்ரா 1961இல் தலைகீழாகச் செய்தார்: தொகையறாவை மட்டும் பாடிவிட்டுப் பல்லவிக்கே போகாமல் நிறுத்திக்கொண்டார். அதுவும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோல் இரண்டையும் பாடுகிறார். தொகையறாவை ஒரு மனிதன் சாயங்காலத்தில் தனியாக உட்கார்ந்து ஞாபகங்களைக் கிளறுவது போல, ஏறக்குறையப் பேச்சாகவே. வயலின்கள் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் கேட்கும். அப்புறம் பல்லவி. மெட்டு ஒரு தாவில் மேலே போய் அடுத்த தாவில் கீழே விழுகிறது. மற்றவர்கள் பாடினால் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். இவர் பாடினால் மலைச்சரிவில் பழகிய கால் இறங்குகிற மாதிரி, எங்கே அடி வைத்தார் என்றே தெரியாது.

சில இடங்களில் ஜென்கின்ஸின் வயலின்கள் எனக்குக் கொஞ்சம் அதிகம். குரலே போதும் என்று இருக்கும். அப்படி நினைப்பவர்கள் அதே 1957இல் வந்த 'ஆஃப்டர் மிட்நைட்' தட்டைக் கேளுங்கள். அதில் அவரே பியானோ வாசிக்கிறார். சின்னக் குழு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விருந்தாளி. 'கேரவன்' பாட்டுக்கு டிராம்போன் என்ற ஊதுகருவி வாசிப்பவர் ஹுவான் டிசோல். ஜாஸ் மேதை டியூக் எலிங்டனோடு சேர்ந்து அந்த மெட்டையே போட்டவர் அவர். மெட்டின் சொந்தக்காரரே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கோலின் குரலில் ஒரு உற்சாகம் வந்துவிடுகிறது.

1958இல் ஸ்பானிய மொழிப் பாட்டுகளாகவே ஒரு தட்டு வெளியிட்டார். அந்த மொழி அவருக்குத் தெரியாது, ஒலியை மனப்பாடம் செய்து பாடினார். இதைப் படித்தபோது எனக்கு இஸ்தோப்பில் முனகிய தாத்தா ஞாபகம்தான் வந்தது.

தாத்தாவிடம் இருந்த தட்டின் உறைக்குள் துரை ஒரு பத்திரிகைத் துண்டை மடித்து வைத்திருந்தார். 1965 பெப்ரவரி 15இல் கோல் இறந்த செய்தி, படத்தோடு. நுரையீரல் புற்றுநோய், வயது 45தான். ஓயாமல் சிகரெட் பிடித்தவர். அந்தப் புகைதான் குரலுக்கு அந்தக் கரகரப்பைத் தந்தது என்று ரசித்துச் சொல்பவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இன்னும் இருபது வருடம் பாடியிருக்க வேண்டியவர். படத்தைப் பார்க்கும்வரை பாடுகிறவர் வெள்ளைக்காரர் என்றே தாத்தா நினைத்திருந்தார். பின்னாளில் நான் படித்ததைச் சொன்னேன்: 1948இல் லொஸ் ஏஞ்சலிஸில் வெள்ளையர் குடியிருந்த தெருவில் வீடு வாங்கியதற்கு அக்கம்பக்கத்தார் எதிர்த்ததை, 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பாடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளையர் சிலர் மேடையில் ஏறித் தாக்கியதை. தாத்தா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பங்களா முன்வாசல் வழியாக அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. "அடிச்சவன் வீட்லயும் இந்த ரெக்கோட் இருந்திருக்கும்" என்றார் கடைசியில்.

1991இல் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது. ஹற்றன் டவுனில் ரேடியோ திருத்துகிறவரிடம் பிளேயரைக் கொண்டு போனேன். உள்ளே தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் கல்லாக இறுகியிருந்தது. அதையும் ஊசியையும் மாற்றித் தர மூன்று வாரம் ஆனது. முதல் நாள் மாலை ஏழு மணிக்குப் போட்டுப் பார்த்தோம். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இழுத்தது. எல்லாக் காம்பராவிலும் லைட் எரிகிற நேரம், கரண்ட் இறங்கி மோட்டார் தடுமாறியது. தாத்தா கையால் நிறுத்தினார். "எல்லாரும் படுக்கட்டும்" என்றார்.

ஒன்பதரைக்கு லயம் அடங்கியது. நான் லைட்டை அணைத்தேன். ஊசி வழுக்காமல் இருக்க அதன் தலைமேல் தாத்தா ஒரு சதுர ஐந்து சதக் காசை வைத்தார், துரை அப்படித்தான் வைப்பாராம். முக்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கதவோரம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் பாட்டு 'வென் ஐ ஃபால் இன் லவ்' முடிந்தது, நின்றுகொண்டேதான் இருந்தார். இரண்டாவதும் முடிந்தது. "உட்காருங்க தாத்தா" என்றேன், கேட்டதாகவே தெரியவில்லை.

மூன்றாவது தொடங்கியது. தொகையறா. தாத்தா தலையை ஆட்டினார். "இது வேற பாட்டு தாயி. இது நான் கேட்டதில்ல." அவர் சூப்போடு கதவைத் தள்ளும்போது அந்த இடம் எப்போதும் தாண்டிப் போயிருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தொகையறா முடிந்து, வயலின்கள் ஒதுங்கி, அந்தப் பழைய மெட்டு மேலே தாவியது. இஸ்தோப்பில் என் காதுக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை பாதியில் நின்ற அதே மெட்டு. நிற்கிற இடம் வந்தது. நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

தாத்தா கையை அவிழ்த்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.