கடைசியாக எப்போது குடித்தார்?

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோவிலில் திருவிழாக் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். 25 நாட்களும் மரக்கறிதான். என் தம்பியும் அந்த 25 நாட்களுக்குப் போத்தலைத் தொடமாட்டான். "கந்தனுக்குப் பயந்தவன், நினைத்தால் விட்டுவிடுவான்" என்று அம்மா அயலட்டை முழுவதும் சொல்லிப் பெருமைப்படுவார். நானும்தான். ஆண்டுக்கு ஒருமுறை விடக்கூடியவன் ஒருநாள் முழுதாக விடுவான் என்று நம்பியிருந்தேன். அந்த விரதமே அவனைக் கொல்லப் பார்த்தது என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் வாயில் போட்டிருப்பேன்.

தம்பி மேசன். வயது 41. இருபத்திரண்டு வயதில் வேலைத்தலத்தில் பழகியது. கொந்தராத்துக்காரர் சனிக்கிழமை கூலியோடு ஓர் அரைப் போத்தலும் கொடுப்பார், அதைத் தாராள மனம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பிறகு தினமும் மாலையில் அரைப் போத்தல் சாராயம், ஞாயிற்றுக்கிழமை முழுப் போத்தல் என்று ஆகிவிட்டது. சத்தம் போடமாட்டான், யாரையும் அடிக்கமாட்டான். ஆகவே எங்கள் கணக்கில் அது வியாதி இல்லை.

விரதம் தொடங்கி முதல் இரண்டு மூன்று நாட்கள் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. அதை முருகனின் சோதனை என்றுதான் சொல்லுவோம். நடுக்கம் ஒவ்வொரு ஆண்டும் சற்றுக் கூடிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் சதம் பிசகாமல் கணக்கு எழுதுகிறவள் நான். இந்தக் கணக்கைக் கோட்டைவிட்டேன்.

அந்த ஆண்டு கொடியேற்றத்துக்கு முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குக் கடைசி வாய் குடித்தான். மறுநாள் மத்தியானம் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சாரத்தில் சிந்தியது. அன்றிரவு ஒரு மணிக்கு மச்சாள், தம்பியின் மனைவி, அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் தம்பி பாயில் வெட்டி வெட்டி இழுக்கிறான், வாயோரம் நுரை. வாழ்நாளில் அவனுக்கு வலிப்பு வந்ததே இல்லை.

விடிந்ததும் ஓட்டோ பிடித்துத் தனியார் வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முறையாகத்தான் கேட்டார்: "குடிப்பழக்கம் உண்டா?" தம்பி என்னைப் பார்த்தான். மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே வாங்கில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். "இல்லை டொக்டர்" என்று சொன்னது நான்தான். சேலைன் ஏற்றி, சத்துக் குளிசை எழுதி, தலையை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மூன்றாம் இரவு தம்பி சுவரைத் தட்டத் தொடங்கினான். கட்டெறும்பு ஏறுகிறதாம். சுவரில் ஒன்றுமில்லை. பிறகு தன் கையிலிருந்து ஒவ்வோர் எறும்பாகக் கிள்ளி எடுத்து, எரிகிற விளக்குக்குள் போடுவதுபோல் போட்டான். அவ்வளவு கவனமாக, கல் அடுக்கும்போது மட்டமும் தூக்குக் குண்டும் பார்க்கிற அதே முகத்தோடு. கிணற்றடியில் அப்பா நிற்கிறார், கூப்பிடுகிறார் என்றான். அப்பா போய்ப் பதினொரு ஆண்டுகள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், நூல் கட்ட ஆளை அழைக்க வேண்டும் என்று அம்மா அழுதார். உடம்பைத் தொட்டால் அடுப்புக் கல்லாய்ச் சுட்டது. மருமகன், க.பொ.த. சாதாரண தரம் படிக்கிற பையன், யாரையும் கேட்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்துவிட்டான். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வந்து ஏற்றியது. போதனா வைத்தியசாலைக்கு, எங்கள் வாயில் இன்றும் பெரியாஸ்பத்திரி, போனோம்.

அங்கே ஓர் இளம் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது குடித்தார்?"

குடிப்பாரா என்று கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார். என் வாய் திறக்கவில்லை. மச்சாள் திறந்தாள். முந்தாநாள் இரவு ஒன்பது மணி, என்ன, எவ்வளவு, எத்தனை ஆண்டு, எல்லாம் ஒப்புவித்தாள். வெறும் போத்தல் வாங்க வருகிறவனிடம் மாதாமாதம் எண்ணிக் கொடுத்தவள் அவள்தானே. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் மனதுக்குள் கூட்டினேன்: 50 மணித்தியாலம்.

குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னரே வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். நெடுங்காலம் குடிப்பவர்களின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், கவனிக்காமல் விட்டால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்றார்கள். பிறகு நரம்பை அமைதிப்படுத்தும் டயஸிபாம் வகை மருந்து. முதல் நாட்களில் கூடிய அளவில் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரமளவில் நிறுத்தினார்கள். அந்த மருந்தை வீட்டில் நாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று தாதி இரண்டு தடவை சொன்னார். அதற்கும் ஆள் அடிமையாவானாம்.

வைத்தியர் விளக்கியது எனக்குத் துலாவாகத்தான் புரிந்தது. எங்கள் பழைய கிணற்றுத் துலாவின் ஒரு தலையில் வாளி, மறு தலையில் பாரக் கல். சாராயம் மூளையை ஒரு பக்கம் அமுக்க அமுக்க, மூளை மறுபக்கம் கல்லைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று வாளிக் கயிறு அறுந்தால் துலா என்ன பாடுபடும்? நடுக்கம், வலிப்பு, இல்லாத எறும்பு, காய்ச்சல் எல்லாம் அந்த அடிதான். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடும். ஒவ்வொரு முறை திடீரென்று நிறுத்தும்போதும் அடுத்த முறை வரும் அடி இன்னும் பலமாகலாம் என்றும் சொன்னார். ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் விரதம் என்று பெருமைப்பட்டது அதைத்தான். "விடுவது நல்லது அம்மா, மருந்தோடு விட வேண்டும்" என்றார். அம்மா அதை அரைகுறையாகத்தான் கேட்டார். நூல் பின்னர் வீட்டில் கட்டப்பட்டது. நான் தடுக்கவில்லை.

நான்காம் நாள் தம்பிக்குத் தெளிவு வந்தது. ஈரல் வீங்கியிருந்தது, கெட்டுப்போகவில்லை. விடுதியிலிருந்து உளமருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் தம்பி "எனக்கு விசர் இல்லை" என்று எழுந்துவிட்டான். அங்கே கிடைத்தது மேசையும், ஒரு தாளில் 10 கேள்விகளும்தான். உலக சுகாதார நிறுவனம் தயாரித்தவை. மொத்தம் 40 புள்ளி. 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைநிலையாக இருக்கக்கூடும் என்று ஆராய்வார்களாம். உறவினரோ வைத்தியரோ குடியைக் குறைக்கச் சொன்னதுண்டா என்பது பத்தாவது கேள்வி. "அக்காவைக் கேளுங்கள்" என்றான். நான் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 31 எடுத்தான். பரீட்சையில் இவ்வளவு எடுத்ததில்லை என்று அவனே சிரித்தான்.

பிறகுதான் நீண்ட பகுதி. முதலில் கிழமைக்கு ஒருமுறை, பின்னர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளினிக். பணம் எதுவும் கட்டவில்லை, செலவெல்லாம் பஸ் காசும் இழந்த கூலியும். அதிகாலையில் போய்க் கொப்பியை அடுக்கிவிட்டு வாங்கில் இருக்க வேண்டும்.

அந்த வாங்கில் நான் கற்றது அதிகம். குடிகாரர் என்றால் என் வயதுக்காரர்தான் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த தாயின் மகனுக்கு 19 வயது, ஹெரோயின். அவள் பயந்தது வியாதிக்கு இல்லை, பொலிசுக்கு. வைத்தியசாலைக்கு வந்தால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று ஓர் ஆண்டை வீட்டுக்குள்ளேயே ஓட்டியிருக்கிறாள். தானாக வந்து சிகிச்சை கேட்பது வேறு, நீதிமன்றம் அனுப்புவது வேறு. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தை அவளுக்கு அங்கிருந்த உளவளத்துணையாளர் எழுதிக் கொடுத்தார். நானும் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன், மனநல உதவிக்கான 1926ஐயும் சேர்த்து.

தம்பிக்கு டைசல்பிராம் குளிசை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே அவனிடம் சம்மதம் கேட்டு, எல்லாம் விளக்கிய பிறகுதான் கொடுத்தார்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் தூள் என்று விளம்பரம் வருகிறதே, அதைப் பற்றி நான் கேட்டேன். வைத்தியரின் முகம் மாறிவிட்டது. என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒன்றை, அறியாமல் குடிக்கப் போகிறவனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். என் கைப்பைக்குள் அந்த விளம்பரத் துண்டு இருந்தது.

காலையில் மச்சாளுக்கு முன்னால் குளிசை விழுங்குவது ஏற்பாடு. மூன்றாம் கிழமை ஒருநாள் தம்பியின் முகம் செக்கச்செவேல் என்று ஆகி, தலை வெடிக்கிறது என்று படுத்துவிட்டான். எங்கும் குடிக்கவில்லை என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. பார்த்தால், களைத்துப்போய்விட்டான் என்று அம்மா இரண்டு மேசைக்கரண்டி தசமூலாரிஷ்டம் கொடுத்திருக்கிறார். அரிஷ்டம் புளித்து வருவது, அதிலும் மதுசாரம் உண்டு. இருமல் பாணி, வாய் கொப்பளிக்கும் திரவம் எல்லாவற்றிலும் போத்தலைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் அன்று தொடங்கியது.

ஐந்தாம் மாதம் வழுக்கினான். பெரியப்பாவின் அந்தியேட்டி. கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் கிணற்றடியில் வெளிநாட்டுப் போத்தல் திறந்தார். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் கிணற்றடி ஒன்றுதான். தம்பி குடித்தான், மயங்கி விழவில்லை. எப்படி? இரண்டு கிழமையாகக் குளிசையை நாக்குக்கு அடியில் ஒளித்து, சட்டைப் பையில் போட்டு வந்திருக்கிறான். தோய்க்க எடுத்த சட்டையில் மச்சாள் கண்டுபிடித்தாள், கரைந்து சுண்ணாம்பாய் ஒட்டியிருந்தது.

மூன்று நாள் தொடர்ந்து குடித்தான். இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. கடைசி வாய் எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு நேரே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஏச்சு விழும் என்று தம்பி தலையைக் குனிந்து இருந்தான். உளவளத்துணையாளர் ஏசவில்லை. "நீங்கள் குடித்தது அந்தியேட்டியில் இல்லை, முதல் குளிசையை ஒளித்த காலையில்" என்றார். சில நாட்களுக்கு மருந்து எழுதி, மறுபடி முதலிலிருந்து. கொந்தராத்துக்காரரிடம் மச்சாளே போய், சனிக்கிழமைக் கூலியைத் தன் கையில் தரச் சொன்னாள். அவர் இழுத்தார். பிறகு தந்தார், போத்தல் இல்லாமல்.

அடுத்த கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருவர், தம்பியோடு ஒன்றாகக் குடித்தவர், வேலியடியில் நின்று தானும் இம்முறை விரதம் என்றார். தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டு, "அண்ணா, ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது? போன வருஷம் கை நடுங்கியதா?" என்று கேட்டான். வைத்தியசாலையில் காட்டிவிட்டு நிறுத்தச் சொன்னான், தானும் வருகிறேன் என்றான். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "முருகனுக்கு விரதம் பிடிக்க டொக்டரிடம் துண்டு வாங்கவேண்டுமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தம்பி சிறிது நேரம் படலையடியில் நின்றான். பிறகு அவருடைய மனைவியைக் கூப்பிட்டு, அவளுடைய கைபேசியில் 1990ஐப் பதிந்து கொடுத்துவிட்டு வந்தான்.