புற்று என்று சொல்லியிருக்கலாமா?

"எந்த உயிரினத்தைப் பார்த்து வரைந்தீர்கள், தம்பி?" என்று கண்காட்சிக் கூடத்தின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவர் கேட்டார்.

"எதையும் பார்த்து வரையவில்லை, ஐயா. ஓசூரின் இரவுக் குளிரைத் தளத்திலும் சுவரிலும் பிடித்துவைத்துப் பகலில் பயன்படுத்துகிறோம்" என்றேன். அவர் கோப்பை மூடினார். கூடத்தைக் கட்டும் வாய்ப்பு கண்ணாடி இதழ்கள் கொண்ட தாமரை வடிவத்துக்குப் போனது.

முந்தைய நாள் வரை எங்கள் முதல் பக்கத்தில் கறையான் புற்றின் படம் இருந்தது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடத்தைக் கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸ் புற்றை மனதில் வைத்தே வடிவமைத்தார். இரவில் மின்விசிறிகள் குளிர்ந்த காற்றைத் தளங்களின் உள்வெளிகளில் செலுத்திக் கான்கிரீட்டைக் குளிர்விக்கும். பகல் வெப்பத்தை அந்தக் கான்கிரீட் வாங்கிக்கொள்ள, சூடான காற்று கூரைப் போக்கிகள் வழியே வெளியேறும். நாங்கள் பின்பற்றியதும் அதைத்தான்.

ஆனால் கறையான் புற்றுகளை ஆராய்ந்த ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008இல் எழுதியதைப் படித்தபின் படத்தை எடுத்துவிட்டேன். புற்று தன் உள்வெப்பத்தைச் சீராக்குவதில்லை, கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணை ஒட்டியே மாறுகிறது என்கிறார்கள். வெளிக்காற்றின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மூச்சுவிடும் நுரையீரலாகவே அவர்கள் புற்றைப் பார்க்கிறார்கள்.

"கட்டடம் குளிரும் என்பது உண்மைதானே, சார்? புற்றுக் கதை தவறானால் என்ன? நம் ஊரில் புற்றைக் கண்டாலே கும்பிடுவார்கள்" என்றாள் என்னோடு வரைந்த இளம் கட்டடக்கலைஞர்.

அப்போது உறுதியாக மறுத்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரும் பொதுக்கூடம் அது. நாம் சொல்வதை நுழைவாயிலில் எழுதிவைப்பார்கள், பிள்ளைகள் அதை அறிவியல் என்று கொண்டுபோவார்கள். இன்றும் அது சரியான காரணமாகவே படுகிறது. ஆனாலும் ஈஸ்ட்கேட்டைப் பின்பற்றியவன், எதையும் பார்த்து வரையவில்லை என்றது மட்டும் முழு உண்மையா? பியர்ஸுக்கு அந்தத் தவறான புரிதல்தானே நல்ல கட்டடத்தைக் கொடுத்தது?

தாமரை வடிவத்தின் மீது எனக்குக் கோபமில்லை. தாமரை போன்ற சிங்கப்பூரின் ஆர்ட்சயின்ஸ் மியூசியத்தில் குழிந்த கூரை மழைநீரைத் திரட்டி நடுவே அருவியாக இறக்குகிறது. அங்கே வடிவம் உழைக்கிறது. இங்கே இதழ்கள் மேற்கு வெயிலை உள்ளே விடுகின்றன.

அந்தப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்றேன். இப்போது அவர்கள் நிற்கப்போவது அந்தக் கண்ணாடிக்கு அடியில், நாள் முழுக்க ஓடும் ஏ.சி.யின் தயவில். அவள் இதைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.