விளையாட்டுச் சமையலறை வாங்கலாமா?
ஒரு வாரமாக இதே யோசனைதான். மகளுக்கு 2 வயதாகிறது, நான் அடுப்படியில் நின்றாலே காலடியில் உட்கார்ந்து காலிக் கிண்ணத்தைக் கரண்டியால் கிண்டி, ஊதி ஆற வைத்து, என் வாயருகே நீட்டுகிறாள். இல்லாததை இருப்பதாகப் பாவிக்கும் விளையாட்டு இந்த வயதையொட்டித்தான் தொடங்கும், இன்னும் சில வருடங்கள் வளர்ந்துகொண்டே போகும், அதனால் வாங்கினால் வீணாகாது என்று மனம் சொல்கிறது. ஆனால் செட்டோடு வரும் குட்டிக் குட்டிச் சாமான்கள்தான் பயம். 3 வயதுக்குள் கையில் கிடைப்பது நேராக வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைத்துக்கொண்டால்? அப்புறம் அவள் பிடித்துத் தொங்கினால் சாயாதபடி சுவரோடு மாட்டவும் வேண்டும். சரி, இப்போதைக்கு அட்டைப்பெட்டியில் 4 வட்டம் வரைந்து அடுப்பாக்கி, பெரிய சொப்புச் சாமான்கள் மட்டும் வாங்குகிறேன். மரத்தில் செய்த சமையலறை 3-ஆம் பிறந்தநாளுக்கு. வாங்கியவர்கள் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைகள் எத்தனை நாள் விளையாடினார்கள்?