வெள்ளைக் கோடு

ஆயக்குடி தாண்டியதும் பழனி மலை தெரிந்தது.

கூட்டமே "அரோகரா" என்றது. எனக்குக் குரல் வரவில்லை. விக்கல்தான் வந்தது.

குன்றக்குடியில் கிளம்பி நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று இத்தனை நாளும் ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேல்தான் நடை. தார் சுடும், கோடு அவ்வளவாகச் சுடாது. யாரும் சொல்லித்தரவில்லை, பாதமே கண்டுபிடித்தது.

பக்கத்தில் ஒரு ஆச்சி. குதிகாலில் பிளாஸ்திரி, கையில் பாதி கடித்த கொய்யா.

"இன்னைக்கோட முடிஞ்சிருமே ஆச்சி."

"உனக்கு முடியும் ஆத்தா. காவடிக்காரவுகளுக்கு இனிமேத்தான் திரும்புற நடை."

எனக்கு பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஏசி, ஜன்னலோரம்.

கடைசி தூரத்தை வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். 693 படியிலும் கால் அந்தக் கோட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தது.